கரண்ட் வைப்பதா, அறுத்து எடுப்பதா? (ஆரம்பநிலை புராஸ்டேட் புற்றுநோய்)

கேள்வி, 6 நவம்பர் 2022

அப்பாவுக்கு 67 வயது. புராஸ்டேட்டுக்கான ரத்த டெஸ்ட் பிஎஸ்ஏ 8.4 என்று வந்ததும் எம்ஆர்ஐ எடுத்து, பயாப்ஸியும் செய்தாகிவிட்டது. புற்று எவ்வளவு வேகமானது என்பதற்குப் போடும் கிளீசன் மார்க் 3+4=7 என்று ரிப்போர்ட். எலும்புக்கோ வேறு இடத்துக்கோ பரவவில்லை. ஒரு டாக்டர் ரோபோ ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் ரேடியேஷன் போதும் என்கிறார். சொந்தக்காரர்கள் எல்லாரும், "கரண்ட் வைத்தால் உள்ளே எல்லாம் வெந்துவிடும், அறுத்து எடுத்துவிட்டால் நிம்மதி" என்கிறார்கள். வைத்துக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள்.

6 நவம்பர் 2022, இரவு 9.40

தம்பி, நான் வைத்துக்கொண்டவன். வயது 66. நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றேன். ஊர் கும்பகோணம் பக்கம். பிஎஸ்ஏ 9.1, பயாப்ஸியில் எடுத்த பன்னிரண்டு துணுக்கில் மூன்றில் புற்று, கிளீசன் உங்கள் அப்பாவுக்குப் போலவே 3+4. திருச்சியில் செப்டம்பர் 19 அன்று ஆரம்பித்து அக்டோபர் 19 அன்று முடிந்தது. மொத்தம் 20 தடவை. எதுவும் வேகவில்லை. தோல்கூடக் கறுக்கவில்லை. தீபாவளிக்கு வீட்டில் இருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கரண்டையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கவிளைவு என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை.

7 நவம்பர் 2022, காலை 5.15

நேற்று எழுதியதில் கடைசி வரி தப்பு. ராத்திரி நான்கு தடவை எழுந்து பாத்ரூம் போய்வந்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அதை மறைத்தால் உங்கள் அப்பா நாளைக்கு அதே நிலையில் பயந்துபோவார்.

முதல் இரண்டு வாரம் எதுவும் தெரியவில்லை. மூன்றாவது வாரத்தில் சிறுநீர் போகும்போது எரிச்சல் ஆரம்பித்தது. வருகிறது என்று தோன்றிய அடுத்த நிமிடம் போயாக வேண்டும். போனால் நூல் மாதிரி மெல்லிசாக வரும். டாம்சுலோசின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் தேவலை. மலம் இளகி, சளிபோல வழுவழுப்பாகச் சில நாள் போனது. மத்தியானம் மூன்று மணிக்குமேல் உடம்பில் ஒரு அசதி, படுத்தால் எழுந்திருக்க மனது வராது. முடிந்த பிறகும் ஒரு வாரம் இதெல்லாம் கூடத்தான் செய்தது, இப்போது இறங்குமுகம்.

7 நவம்பர் 2022, மாலை

"வெந்துவிடும்" என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். என் பெரியப்பாவுக்கு 1983இல் வேறொரு புற்றுநோய்க்குக் கோபால்ட் கருவியில் கொடுத்தார்கள். அடிவயிறும் இடுப்பும் கரி பூசியதுபோல் ஆகிவிட்டன. சின்னப் பையன்கள் எல்லாரும் அதைப் பார்த்தோம். குடும்பத்தில் ஒருவருக்கு அப்படி ஆனால் மூன்று தலைமுறைக்கு அந்தப் பயம் நிற்கும்.

நம் ஊரில் "கரண்ட் வைப்பது" என்று சொல்லிச் சொல்லி, உடம்பில் ஷாக் கொடுப்பது போல ஒரு நினைப்பு. மின்சாரம் கருவியை ஓட்டத்தான். உடம்புக்குள் போவது எக்ஸ்ரே. மார்புக்கு எக்ஸ்ரே எடுப்பார்களே, அந்த வகைதான், ஆனால் பல மடங்கு சக்தி கூடியது. சுடாது, தொடாது, வலிக்காது. கோபால்ட் கதிரின் உச்ச வீரியம் தோலுக்கு அரை சென்டிமீட்டர் கீழேயே விழுந்துவிடும், அதற்கப்புறம் ஆழம் போகப் போகக் குறையும். புராஸ்டேட்டோ இடுப்பெலும்புக் கூட்டுக்குள் ஆழத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர வேண்டிய அளவைக் கொடுக்க, வழியில் இருக்கிற தோலும் குடலும் நிறைய வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போதைய லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற கருவியில் உச்ச வீரியம் இன்னும் உள்ளே தள்ளி விழுகிறது. அதோடு கருவி நம்மைச் சுற்றி வட்டமடித்துப் பல கோணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. எந்த ஒரு வழிக்கும் அதிகச் சுமை இல்லை, எல்லா வழியும் சேரும் இடத்தில் மட்டும்தான் முழு அளவு.

கோபால்ட்டைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் ஆரம்பித்த அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு அந்தப் பத்தாண்டிலேயே கோபால்ட் கருவி வந்துவிட்டது. அந்தக் கருவியால் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். பெரியப்பாவும் அதற்கப்புறம் பதினோரு வருடம் இருந்தார். அந்தக் காலத்துத் தோலை நினைத்து இந்தக் காலத்துச் சிகிச்சைக்குப் பயப்பட வேண்டாம் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

10 நவம்பர் 2022

"தினமும் என்ன செய்வார்கள், எவ்வளவு நேரம் ஆகும்" என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த இருபது நாளும் நம் கையில் இருப்பது இது ஒன்றுதான்.

புராஸ்டேட் சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு இருக்கிறது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அதன் பெரும்பகுதியும் சிறுகுடலும் மேலே தள்ளிப்போய்விடும், கதிர் படாது. மலக்குடல் காலியாக இருந்தால் புராஸ்டேட் அதன் இடத்தில் நிற்கும். வாயு கட்டிக்கொண்டால் குடல் உப்பி, புராஸ்டேட்டை முன்னால் தள்ளும். சில மில்லிமீட்டர் தள்ளினாலும் கதிர் விழ வேண்டிய இடம் மாறிவிடும்.

நாற்பது வருடம் நிலம் அளந்தவனுக்கு இது உடனே புரிந்தது. புலப்படத்தில் எல்லா அளவும் கல்லிலிருந்துதான் ஆரம்பிக்கும். கல் நகர்ந்துவிட்டால் நீங்கள் எவ்வளவு கவனமாகச் சங்கிலி பிடித்தாலும் அடுத்தவன் வயலில்தான் போய் நிற்பீர்கள். எனக்கு ஆரம்பத்திலேயே புராஸ்டேட்டுக்குள் சீரகத்தைவிடச் சின்னதாக மூன்று தங்கத் துணுக்கு வைத்தார்கள். அவைதான் உள்ளே இருக்கிற சர்வே கல். இடுப்பின் இரண்டு பக்கமும் அடிவயிற்றிலும் ஊசியால் மூன்று புள்ளி பச்சை குத்தினார்கள். அவை வெளிக் கல். சுவரிலிருந்து வரும் லேசர் கோடு அந்தப் புள்ளிகளில் விழும்படி நம்மைப் படுக்க வைப்பார்கள். பிறகு கருவியே ஒரு ஸ்கேன் எடுக்கும். உள்ளே தங்கம் எங்கே நிற்கிறது என்று பார்த்து, மேசையை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துவார்கள். அப்புறம்தான் கதிர். கதிர் விழும் நேரம் இரண்டு மூன்று நிமிடம்கூட இருக்காது. மற்றதெல்லாம் ஏற்பாடு.

எனக்குச் சொன்ன முறை இது. முதலில் பாத்ரூம் போய்க் காலி செய்ய வேண்டும். பிறகு அரை லிட்டர் தண்ணீர் பத்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். நாற்பது நிமிடம் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். பாட்டிலில் கோடு போட்டு வைத்துக்கொண்டேன். அந்தக் கூடத்தில் இருந்த எல்லார் கையிலும் அப்படி ஒரு பாட்டில் இருந்தது.

ஆறாவது நாள் என்னை மேசையிலிருந்து இறக்கிவிட்டார்கள். "வாயு இருக்கு ஐயா, நடந்துட்டு, போயிட்டு வாங்க" என்றார் அந்தக் கருவியை இயக்கும் பெண். அது நவராத்திரி முதல் நாள். முந்தின நாள் அமாவாசை இலையில் கடலைப்பருப்பு வடை, அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் தங்கை வீட்டுக் கொலுவில் கொண்டைக்கடலைச் சுண்டல். வடையின் வேலை அது. அன்று முதல் ஒன்பது நாளும் தங்கை எனக்கு மட்டும் தனியாக இட்லியும் புழுங்கலரிசிக் கஞ்சியும் வைத்தாள். வீடு முழுக்கச் சுண்டல் வாசனை.

இன்னொரு நாள் கருவி நின்றுவிட்டது. எல்லாரும் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இதோ சரியாகிவிடும், இதோ சரியாகிவிடும் என்றே முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் நாளைக்கு வாருங்கள் என்றார்கள். எழுபது வயதுக்காரர் ஒருவரால் அடக்க முடியவில்லை. வேட்டி நனைந்து அவர் அழுதுவிட்டார். பக்கத்தில் இருந்த அரியலூர்க்காரர் தன் துண்டை எடுத்து அவர் மடியில் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு வெளியே கூட்டிப்போனார். முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாரும் போய்விட்டு வந்திருப்போம். அந்த மருத்துவமனைமேல் எனக்கு இன்னும் அந்த ஒரு வருத்தம் இருக்கிறது. மறுநாளிலிருந்து நாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். யாருக்கு முட்டிக்கொண்டு வருகிறதோ அவர் முதலில் போகலாம், டோக்கன் நம்பர் பார்க்க வேண்டியதில்லை.

11 நவம்பர் 2022

சாப்பாட்டுக்குத் தனியாகக் கேட்டவருக்கு. கொண்டைக்கடலை, மொச்சை, பட்டாணி, முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், சோடா இவற்றை நிறுத்தச் சொன்னார்கள். மலச்சிக்கல் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காப்பி குறைத்தால் எரிச்சல் குறைகிறது, இது என் அனுபவம். அடிவயிற்றில் எண்ணெய் தடவ வேண்டாம் என்றார்கள், அதனால் தீபாவளி எண்ணெய்க் குளியலைத் தலையோடு நிறுத்திக்கொண்டேன்.

பேரனைத் தூக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் உடம்பில் தங்குவதே இல்லை. கருவி நின்றதும் அதுவும் போய்விட்டது. கதிர் வீசும் அயோடின் மணிகளை உள்ளேயே நிரந்தரமாக வைக்கிற முறை ஒன்று உண்டு. அதில் மட்டும்தான் கொஞ்ச நாள் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்பார்கள்.

20 நவம்பர் 2022

தம்பி, முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். பயாப்ஸி ஸ்லைடுகளை வாங்கி, இன்னொரு நோய்க்கூறு நிபுணரிடம் காட்டுங்கள். கிளீசன் என்பது உருப்பெருக்கியில் செல்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று ஒருவர் கண்ணால் பார்த்துப் போடும் மார்க். 3க்கும் 4க்கும் இடையில் இரண்டு நிபுணர்களுக்குள் கருத்து மாறுவது உண்டு. 3+3 என்றால் பாதை வேறு, 4+3 என்றால் வேறு. நான் இதைச் செய்யவில்லை. யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்கிறேன்.

ஒரு மாதம் தள்ளிப்போனால் என்ன ஆகுமோ என்று பயம் வேண்டாம். பெரும்பாலும் மெதுவாக வளரும் நோய் இது. ரிப்போர்ட் வந்த அன்று நான் இரண்டு ராத்திரி தூங்கவில்லை, மூன்றாம் நாளே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கப் போனேன். அந்த அவசரத்துக்கு எந்தத் தேவையும் இல்லை என்று பிற்பாடு தெரிந்தது.

14 டிசம்பர் 2022

கேள்வி கேட்ட தம்பி தன் அப்பாவைப் பற்றி மேலே எழுதியிருப்பதைப் படித்தீர்களா? இரண்டாவது நிபுணர் 3+3=6 என்று சொல்லிவிட்டார். அளவும் கொஞ்சம்தான், இரண்டே துணுக்கில். பிஎஸ்ஏ பத்துக்குள். இப்போது டாக்டர், "ஒன்றும் செய்ய வேண்டாம், கண்காணிப்போம்" என்கிறாராம்.

நவம்பர் 6ஆம் தேதி "கண்ணை மூடிக்கொண்டு" என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். என் பேச்சைக் கேட்டிருந்தால் அவர் அப்பா இந்நேரம் பாட்டிலும் கையுமாக அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்.

கண்காணிப்பு என்றால் கைவிட்டுவிடுவது என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிஎஸ்ஏ, அவ்வப்போது எம்ஆர்ஐ, குறித்த காலத்தில் மறுபடி பயாப்ஸி. நோய் முகத்தை மாற்றினால் அப்போது சிகிச்சை. தம்பி, தேதிகளைக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள். கண்காணிப்பில் இருப்பவர் டெஸ்டுக்குப் போகாமல் விடுவதுதான் ஆபத்து.

18 மார்ச் 2023

பையன் சென்னையிலிருந்து ஒரு ஆராய்ச்சி முடிவை அனுப்பியிருந்தான். இங்கிலாந்தில் புரொடெக்ட் என்ற ஆய்வு. 50 முதல் 69 வயதுவரை, பிஎஸ்ஏ டெஸ்டில் கண்டுபிடித்த ஆரம்பநிலை நோயாளிகள் 1,643 பேர். குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பு, ஒன்றுக்கு ஆபரேஷன், ஒன்றுக்குக் கதிர்வீச்சு. பதினைந்து வருடம் கழித்துப் பார்த்தால், மொத்தத்தில் இந்த நோயால் இறந்தவர்கள் 45 பேர், அதாவது 2.7 சதவீதம். கண்காணிப்பில் 3.1, ஆபரேஷனில் 2.2, கதிர்வீச்சில் 2.9. இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான் என்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு ஒரு வாரம் மனது சரியில்லை. அப்படியானால் நான் வைத்துக்கொண்டது வீணா? மனைவியிடம் சொன்னேன். "முடிஞ்சதுக்கு அப்புறம் கணக்குப் பார்க்காதீங்க" என்றாள். ஆனால் கணக்குப் பார்த்தே வாழ்ந்தவன் எப்படிப் பார்க்காமல் இருப்பது?

மறுபடி படித்தபோது இன்னொரு வரி கண்ணில் பட்டது. நோய் வேறிடத்துக்குப் பரவியது கண்காணிப்புப் பிரிவில் 9.4 சதவீதம், கதிர்வீச்சில் 5.0, ஆபரேஷனில் 4.7. கிட்டத்தட்டப் பாதி. கண்காணிப்பில் ஆரம்பித்தவர்களிலும் பதினைந்து வருடத்துக்குள் ஏறக்குறைய 61 சதவீதம் பேர் ஏதோ ஒரு சிகிச்சைக்கு மாறியிருக்கிறார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் 3+3 காரர்கள், நான் 3+4. ஆக வீண் என்று சொல்ல முடியாது, கட்டாயம் என்றும் சொல்ல முடியாது. இந்த இடத்தில்தான் நான் நிற்கிறேன்.

அதே ஆய்வில் தொல்லைகளின் கணக்கும் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் கழித்து, சிறுநீர் கசிவுக்காகப் பேட் வைக்க வேண்டியவர்கள் ஆபரேஷன் பிரிவில் 24 சதவீதம், கதிர்வீச்சில் 8. மலம் கசியும் தொல்லை கதிர்வீச்சில் 12, மற்ற இரண்டிலும் 6. அங்கே கொடுத்தது பழைய முறை, 37 தடவை. ஆனாலும் எந்தப் பக்கம் போனால் எந்தத் தொல்லை என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. டாக்டரிடம் போகும்போது உயிர் பிழைப்பேனா என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தத் தொல்லையோடு என்னால் வாழ முடியும் என்பதையும் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள்.

19 மார்ச் 2023

நேற்று ஆபரேஷனுக்கு எதிராக எழுதிவிட்டதாக என் மச்சினனே போன் செய்தான். அவனுக்கு 2019இல் ஆபரேஷன். பத்து நாள் குழாய், நான்கு மாதம் கசிவு, அப்புறம் சரியாகிவிட்டது. ஆறாவது வாரமே பிஎஸ்ஏ ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. அந்த நிம்மதி எனக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மை. எனக்கு 9.1 ஜனவரியில் 3.8 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். கதிர் செல்லின் மரபணு இழையை அறுக்கிறது. அந்தச் செல் அன்றைக்கே சாவதில்லை, அடுத்து இரண்டாகப் பிரியப் பார்க்கும்போதுதான் சாகிறது. மெதுவாகப் பிரியும் புற்று மெதுவாகத்தான் சாகும். பிஎஸ்ஏ அடிமட்டத்துக்கு இறங்க ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகும். அவசரப்படுகிற சுபாவம் உள்ளவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

"கரண்ட் வைத்தால் பிறகு ஆபரேஷன் செய்யவே முடியாது" என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். செய்ய முடியும், ஆனால் உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டிருப்பதால் கடினம், கசிவும் அதிகம், அதைச் செய்யும் டாக்டர்கள் குறைவு. ஆபரேஷனுக்குப் பிறகு கதிர் கொடுப்பது அதைவிடச் சுலபம். ஐம்பது வயதுக்காரருக்கு இது பெரிய விஷயம்.

2 ஜூலை 2023

ஒரு அம்மா தனியாக எழுதியிருந்தார். கணவருக்கு 61 வயது, இன்னும் முடிவு செய்யவில்லையாம். கேட்க நினைத்ததைக் கேட்காமலே சுற்றிச் சுற்றி எழுதியிருந்தார். அம்மா, நீங்கள் கேட்க வந்தது எனக்குப் புரிந்தது. பேர் சொல்லாமல் இங்கேயே பதில் எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வி பத்து வீட்டில் இருக்கும்.

ஆபரேஷனில் தாம்பத்தியத்துக்கான அந்தச் சக்தி ஒரே நாளில் குறையும், பிறகு சிலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். கதிர்வீச்சில் ஆரம்பத்தில் அப்படியே இருக்கும், இரண்டு மூன்று வருடத்தில் மெல்ல மெல்லக் குறையும். விந்து நீர் வற்றிவிடும். புராஸ்டேட்தான் அதில் ஒரு பங்கைச் சுரக்கிறது. இதற்கு மாத்திரைகள் இருக்கின்றன, பலருக்கு வேலை செய்கின்றன. ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கிற நைட்ரேட் மாத்திரை பயன்படுத்துகிறவர்கள் இவற்றைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கடையில் தானாக வாங்காமல் டாக்டரிடம் கேளுங்கள்.

வயிற்றில் போடுகிற ஹார்மோன் ஊசியும் சேர்த்துக் கொடுத்தால், அந்த மாதங்களில் ஆசையே இல்லாமல் போகும், உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும். ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்தப் புற்று சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார், 1966இல் நோபல் பரிசும் கிடைத்தது. நோய் இன்னும் கொஞ்சம் வேகமானதாக இருந்தால் அதைச் சேர்ப்பார்கள். எனக்குத் தேவைப்படவில்லை.

என் வீட்டில் இதைப் பேச எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று. நாற்பது வருடம் ஒன்றாக இருந்தும் வாய் வரவில்லை. ஒரு நாள் அவளே மொட்டைமாடியில் வடகம் காயப்போடும்போது கேட்டாள். பேசி முடித்ததும் ஒரு பாரம் இறங்கியது. சிகிச்சைக்கு முன்பே பேசியிருக்க வேண்டும். உங்கள் கணவரோடு டாக்டர் அறைக்குள் நீங்களும் போங்கள், அம்மா.

9 ஜனவரி 2024

பிஎஸ்ஏ 0.9. நல்ல செய்தி இதோடு சரி.

மூன்று வாரமாக மலத்தோடு ரத்தம். வலி இல்லை, சிவப்பாகச் சொட்டுச் சொட்டாக. முதலில் மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து சாப்பிட்டேன். அது தப்பு. கதிர் பட்ட மலக்குடலின் முன்சுவரில் மெல்லிய ரத்தக்குழாய்கள் புதிதாக முளைத்து, லேசாக உரசினாலும் கசியுமாம். சிகிச்சை முடிந்து ஒன்றிரண்டு வருடத்தில் வருகிற பிற்காலத் தொல்லை இது. முதல் நாள் நான் "ஒன்றுமே இல்லை" என்று எழுதியதை இன்னும் யாராவது படித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதையும் படியுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். குடல் டாக்டரிடம் போனால், "எனக்குப் புராஸ்டேட்டுக்குக் கதிர்வீச்சு கொடுத்திருக்கிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அந்த முன்சுவரில் தெரியாமல் பயாப்ஸி எடுத்தால் புண் ஆறாமல் துளை விழுந்துவிட வாய்ப்பு உண்டு. நான் முதலில் பார்த்த இடத்தில் கேட்கவும் இல்லை, நானும் சொல்லவில்லை. சதை எடுக்க ஏற்பாடு செய்துவிட்டார்கள். என் ரேடியேஷன் டாக்டருக்குப் போன் செய்த பிறகுதான் நின்றது. கேமரா விட்டுப் பார்த்ததோடு சரி. மலம் இறுகாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் தானாக அடங்கும் என்றார்.

3 மார்ச் 2024

ரத்தம் நின்றுவிட்டது. விசாரித்த எல்லாருக்கும் நன்றி.

திருச்சிக்கு வந்துபோகும் செலவைப் பற்றிப் பேச்சு வந்ததால் இது. புற்றுநோயாளிக்கு ரயிலில் சலுகை உண்டு. சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போகும்போது ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு டிக்கெட் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, கூடப் போகிற ஒருவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. அதற்குரிய படிவத்தில் மருத்துவமனை கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நான் பாதி நாள் காசு கொடுத்துப் போனேன், யாரும் சொல்லாததால். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் கதிர்வீச்சுக்கு இடம் இருக்கிறது, கார்டு இருந்தால் முதல் நாளே காட்டுங்கள்.

16 ஜூலை 2024

பிஎஸ்ஏ 1.5.

அதற்குமேல் எழுத வரவில்லை.

19 ஜூலை 2024

டாக்டரைப் பார்த்தேன். இதற்குப் பிஎஸ்ஏ துள்ளல் என்று பேராம். கதிர்வீச்சு முடிந்து ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் சிலருக்கு ஏறி, தானாகவே இறங்கும். நோய் திரும்பியது என்று சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. இதுவரை இறங்கியதில் மிகக் குறைந்த அளவோடு 2ஐக் கூட்ட வேண்டும். எனக்கு 0.9, ஆக 2.9. அதைத் தொட்டால்தான் கவலை. மூன்று மாதம் கழித்து, அதே லேபில், மறுபடி எடுக்கச் சொன்னார். முந்தின இரண்டு நாள் சைக்கிள் ஓட்ட வேண்டாம் என்றும் சொன்னார்.

கணக்குப் புரிந்துவிட்டது. மூன்று மாதம் எப்படிப் போகும் என்பதுதான் புரியவில்லை.

2 நவம்பர் 2024

1.1. தீபாவளிக்கு முந்தின வாரம் வந்தது. அவள் சாமி படத்துக்கு முன்னால் ரிப்போர்ட்டை வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போனாள்.

"ஐந்தே தடவையில் முடித்துவிடுகிறார்களாமே" என்று கேட்டவருக்கு. ஆமாம். எனக்கு 20 தடவையில் 60 கிரே (கதிரை அளக்கும் அலகு), தடவைக்கு 3. அதற்கு முன்பு 37 தடவையில் 74 கொடுத்துவந்தார்கள். 3,200க்கும் மேற்பட்டவர்களை வைத்து இங்கிலாந்தில் செய்த சிப் என்ற ஆய்வு, 20 தடவை அதற்குக் குறைந்ததில்லை என்று 2016இல் காட்டியது. இந்தப் புற்று தினசரி அளவு கூடினால் கூடுதலாக அடிவாங்கும் வகை. போன மாதம் வெளிவந்த பேஸ்-பி ஆய்வில் 874 பேர். ஐந்தே தடவை கொடுத்தவர்களில் ஐந்து வருடம் கழித்து 95.8 சதவீதம் பேருக்கு நோய் திரும்பவில்லை, வழக்கமான முறையில் 94.6. ஆனால் சிறுநீர்த் தொல்லை ஐந்து தடவைக்காரர்களுக்குக் கூடுதல், 26.9க்கு 18.3. ஏற்கெனவே சிறுநீர் அடைத்து அடைத்துப் போகிறவர்கள் யோசிக்க வேண்டும். தினமும் பஸ் ஏறி வர முடியாத விவசாயிக்கு ஐந்து நாள் என்பது பெரிய வரம்.

எக்ஸ்ரேக்குப் பதிலாகப் புரோட்டான் துகள்களைச் செலுத்தும் மையம் ஒன்று 2019இல் சென்னை தரமணியில் வந்ததே, அதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்த நோய்க்கு எக்ஸ்ரேயையும் புரோட்டானையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு அமெரிக்காவில் 450 பேரிடம் செய்த ஆய்வு இந்த வருடம் வந்தது. குடல் தொல்லையிலோ நோய் கட்டுப்பாட்டிலோ வித்தியாசம் தெரியவில்லை. நிலத்தை விற்றுப் போக வேண்டியதில்லை.

22 ஏப்ரல் 2025

0.6.

9 ஆகஸ்ட் 2025

தம்பி, உங்கள் செய்தி பார்த்தேன். இரண்டரை வருடம் ஒரு டெஸ்ட் விடாமல் பார்த்ததால்தான் இந்த மாற்றம் இப்போதே தெரிந்தது. எம்ஆர்ஐயில் புதிதாக ஒரு புள்ளி, பயாப்ஸியில் 3+4, இன்னும் வெளியே எங்கும் போகவில்லை. அப்பா ஆபரேஷன் வேண்டாம், கதிர்வீச்சு என்று தானே முடிவு செய்தார் என்று எழுதியிருந்தீர்கள். காத்திருந்தது தப்போ என்று உங்கள் அம்மா அழுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டரை வருடம் அவர் எரிச்சல் இல்லாமல், ராத்திரி தூங்கி, உங்கள் தங்கை கல்யாணத்தில் பந்தி பரிமாறினார் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

18ஆம் தேதி ஆரம்பம் என்றால், பிள்ளையார் சதுர்த்தி நடுவில் வருகிறது. சுண்டலை வீட்டிலேயே செய்ய வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், கண்ணில் பட்டால் கை போகும். கொழுக்கட்டைக்குக் கடலைப்பருப்புப் பூரணம் வேண்டாம், தேங்காய்ப் பூரணம் இரண்டு சாப்பிடலாம். அரை லிட்டர் பாட்டிலில் கோடு போட்டு வையுங்கள். இரண்டு வேட்டி கூடுதலாக எடுத்துக்கொள்ளட்டும். கருவி நின்றால் கூச்சப்படாமல் எழுந்து போய், "போகலாமா, இருக்கணுமா?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

நான் 17ஆம் தேதி ஸ்ரீரங்கம் தங்கை வீட்டுக்கு வந்துவிடுகிறேன். முதல் நாள் அந்தக் கூடத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காருவேன். விடுமுறை போக எண்ணிப் பார்த்தேன், செப்டம்பர் 16 அன்று முடிகிறது. கொலு 22ஆம் தேதி. வயிறு அடங்கியிருந்தால் கடைசி நாள் சுண்டல் அவருக்கு உண்டு என்று தங்கை சொல்லச் சொன்னாள்.